படகுக்கு ஏற்ற வண்டி எது?

2012 அக்டோபரில், எண்டெவர் விண்வெளி ஓடம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெருக்கள் வழியாக கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நெடுஞ்சாலைக்கு மேலே செல்லும் ஒரு பாலத்தை மட்டும் அது ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்கப்பின் பின்னால் கடந்தது. ஓடமும் அதைச் சுமந்த சக்கர மேடையும் சேர்ந்து ஏறத்தாழ 130 டன். 2006-இல் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டு ஓடுதளத்தில் ஒரு ஃபோக்ஸ்வேகன் டுவாரெக், 155 டன் எடையுள்ள போயிங் 747 விமானத்தை இழுத்தது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு லேண்ட் ரோவர் டிஸ்கவரி, சாலையில் ஓடும் 110 டன் சரக்கு லாரித் தொடரை 16 கிலோமீட்டர் இழுத்துச் சென்று மணிக்கு 44 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டியது. மூன்றும் விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டவை. மூன்றும் உண்மையாகவே நடந்தவை. ஆனால் அதே டிஸ்கவரியை வாங்குகிறவர் கையேட்டைத் திறந்தால், இழுக்கக்கூடிய உச்ச எடை 3,500 கிலோ என்றுதான் இருக்கும். 110 டன்னை இழுத்துக் காட்டிய நிறுவனம், வாடிக்கையாளரிடம் அதில் முப்பதில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. நிறுவனம் பயந்து சொல்கிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. படகு இழுக்க வண்டி தேடுகிறவர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: இழுப்பது என்பது இந்த வேலையின் மிக எளிய பகுதி. வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மற்ற பகுதிகளுக்காக.

இழுப்பது ஏன் எளிது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்று சரியாக அடைத்த டயர் நல்ல தார்ச்சாலையில் உருளும்போது, அது சுமக்கும் எடையில் நூற்றில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்குதான் எதிர்விசை எழும். இரண்டரை டன் படகையும் ட்ரெய்லரையும் சமதளத்தில் மெல்ல நகர்த்த 25 முதல் 38 கிலோ விசை போதும். இரண்டு பேர் தள்ளினாலே உருளும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதனுடன் இன்னொரு 250 கிலோ சேரும். சிறிய காரின் எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து அதைப் பதினான்கு மடங்காக்கினால், 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் ஏறத்தாழ 700 கிலோ விசை கிடைக்கும். வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கிக்கொள்ளும் வேலையைத்தான் கியர் செய்கிறது. நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் ஃபைபர் படகை மணலில் ஏற்றும் டிராக்டரின் எஞ்சின் ஆற்றல், சாதாரணக் காரின் ஆற்றலைவிடக் குறைவாகவே இருக்கும். அதன் பெரிய டயர்களும் தாழ்ந்த கியரும் அந்த வேலையை முடித்துவிடுகின்றன. ஆமை வேகத்தில், சமதளத்தில், முன்னே வழிவிட்டு வைத்த பாதையில் எதையும் இழுத்துவிடலாம். விண்வெளி ஓடத்துக்கும் விமானத்துக்கும் கிடைத்தது அந்தப் பாதை. வார இறுதியில் நெடுஞ்சாலையில் போகும் படகுக்கு அது கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் படகை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் ட்ரெய்லரில் ஏற்றி ஏரிக்கோ கடலுக்கோ கொண்டுபோவது பெரிய பழக்கம். இவர்கள் வண்டி தேடும்போது முதல் பிழை படகின் எடையிலேயே நேர்ந்துவிடுகிறது. விற்பனைத் தாளில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெறும் உடற்கூட்டின் எடை. சான்றாக, ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடியிழைப் படகின் உடல் 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தொங்கும் 150 குதிரைத்திறன் எஞ்சின் 220 கிலோ. 200 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 150 கிலோ. ட்ரெய்லர் 550 கிலோ. பேட்டரிகள், நங்கூரமும் சங்கிலியும், உயிர்காப்பு உடைகள், குடிநீர், தூண்டில் சாமான் எல்லாம் சேர்ந்து இன்னொரு 180 கிலோ. மொத்தம் 2,200 கிலோ. தாளில் படித்த எண்ணுக்குச் சரியாக இரு மடங்கு. ஆகவே எந்த வண்டி என்ற கேள்விக்கு விடை தேடும் முதல் இடம் கார்க் கடையாக இருக்கக் கூடாது. எரிபொருள் நிரப்பி, சாமான் ஏற்றி, படகை ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு எண் கையில் இல்லாமல் எஞ்சின் திறனைப் பேசுவதில் பொருள் இல்லை.

எடை தெரிந்த பிறகு எழும் முதல் கேள்வி, இதை எப்படி நிறுத்துவது என்பதே. 2,000 கிலோ வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 0.77 மெகாஜூல். பின்னால் 2,200 கிலோ படகு சேர்ந்தால் அது 1.6 மெகாஜூலைத் தாண்டுகிறது. நிறுத்துவது என்றால் அந்த ஆற்றல் முழுவதையும் சில நொடிகளில் வெப்பமாக மாற்றுவது. எஞ்சின் அதே ஆற்றலை அரை நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சேர்த்திருக்கலாம்; பிரேக்குக்கு அந்த அவகாசம் கிடையாது. மலை இறக்கத்தில் நிலைமை இதைவிடக் கடுமை. இந்த 4,200 கிலோ சுமை 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 12 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படும். அதாவது 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு எட்டு முறை அடுத்தடுத்து முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். இந்த இறக்கம் 5 கிலோமீட்டர் நீளம், வேகம் மணிக்கு 60 என்று கொண்டால், காற்றும் டயரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கும். மீதி ஐந்து நிமிடமும் விடாமல் 27 கிலோவாட் என்ற அளவில் எஞ்சினின் பிடிப்பு வழியாகவோ பிரேக் வழியாகவோதான் வெளியேற வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கே ஏற்றுக்கொண்டால் வட்டுகள் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகிவிட்ட எண்ணெய்க்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதிக்கும் விசை குமிழை நசுக்குவதில் தீர்ந்துபோகும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவே படகு இழுக்கும் வண்டியில் பார்க்க வேண்டியவை பெரிய பிரேக் வட்டுகளும், தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் திறனும். உச்சக் குதிரைத்திறன் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதே, இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாக நின்றுவிடும் ஏற்பாடும் வேண்டும். ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. பிரேக் உள்ள ட்ரெய்லர் தன் எடையைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்தச் சட்டங்களின் நோக்கம். ஆனால் மற்ற ட்ரெய்லர்களுக்கு இல்லாத ஒரு துன்பம் படகு ட்ரெய்லருக்கு உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான பிரேக்குகளும் சக்கர பேரிங்குகளும் ஒவ்வொரு பயணத்திலும் உப்புத் தண்ணீருக்குள் முங்கி எழுகின்றன. சூடான பேரிங் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரேக்கின் நகரும் பாகங்களில் துரு பிடிக்கும். பிறகு வாரக்கணக்கில் முற்றத்தில் அசையாமல் நிற்கும்போது அந்தத் துரு இறுகும். ஒரே எடையுள்ள வீட்டு வண்டி (கேரவன்) ட்ரெய்லரும் படகு ட்ரெய்லரும் ஒரே நாளில் வாங்கப்பட்டால், பிரேக் முதலில் சோர்ந்துபோகக் கூடியது படகுடையதுதான். ட்ரெய்லர் பிரேக்கை ஒழுங்காகப் பராமரிப்பது கட்டாயக் கடமை. அதையே முழுவதும் நம்பி இழுக்கும் வண்டியில் எடையையும் பிரேக்கையும் குறைத்துக்கொள்வது தவறு. ஒரு நாள் அது பாதி வேலைதான் செய்யும் என்று எண்ணி, மீதியைத் தாங்கும் வண்டியைத் தேட வேண்டும்.

அடுத்தது நிலைப்பு. மாட்டு வண்டியில் நெல் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். ட்ரெய்லரிலும் அதே நெம்புகோல் விதிதான். ட்ரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புக் குண்டின் மீது கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பதே முன்பாரம். ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும் என்பார்கள். நம் 2,200 கிலோ படகுக்கு அது 220 கிலோ. இந்த 220 கிலோவும் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதில்லை, அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் என்றால், பின் அச்சில் 314 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 94 கிலோ குறையும். திசை திருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன் சக்கரங்களைச் சேர்ந்தவை. அவற்றின் பிடிப்பு குறைந்தால் ஓட்டுநரின் கையில் உள்ள அதிகாரமும் குறைகிறது. இரண்டு அச்சுகளும் தள்ளி அமைந்த, பின்புற நீட்டம் குட்டையான வண்டிக்கு இந்த இழப்பு சிறியது. ஒரே எஞ்சின், ஒரே எடை உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றை மட்டும் படகுக்குப் பொருத்தமாக்குவது இந்த இரண்டு அளவுகள்தான். விளம்பரங்களில் யாரும் இவற்றைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

முன்பாரம் முன் சக்கரத்தைத் தூக்குகிறது என்றால், அதைக் குறைத்து வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. முன்பாரம் குறையக் குறைய ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்குவது எளிதாகிறது. பக்கக் காற்றோ, கடந்துபோகும் லாரியோ மூக்கை ஒருபுறம் அசைத்துவிட்டால், ட்ரெய்லரின் டயர்கள் அதை மீண்டும் நேர்க்கோட்டுக்கு இழுக்கின்றன. அது கோட்டைத் தாண்டி மறுபுறம் போகிறது. குறைந்த வேகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்குவது நின்று, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதன் பிறகு சில நொடிகளில் ட்ரெய்லர் வண்டியையே திருப்பிவிடும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், பாரத்தையும் அச்சின் இடத்தையும் மாற்றி அமைக்கக்கூடிய முழு அளவு ட்ரெய்லரைக் கொண்டு சோதித்து, எடை எங்கே பரவியிருக்கிறது, முன்பாரம் எவ்வளவு, அச்சு எங்கே இருக்கிறது என்பவை இந்த நிலைப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்கள். படகின் அமைப்பு இதில் பாதகமானது. 220 கிலோ எஞ்சின் அதன் கடைக்கோடியில் தொங்குகிறது. சுழற்சிக்கு எதிரான நிலைமம் தூரத்தின் இருமடியாக வளர்வதால், அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் எடை ஆட்டத்துக்கு நான்கு மடங்கு ஊட்டம் கொடுக்கிறது.

ஒரே படகின் முன்பாரம் ஒரே நாளுக்குள் மாறிப்போவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலையில் 220 கிலோ முன்பாரத்தோடு கிளம்பிய படகை எடுத்துக்கொள்வோம். இணைப்புக் குண்டுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் இடையே 5 மீட்டர். பெட்ரோல் தொட்டி அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால். கடலில் 150 லிட்டர் எரிந்தால் 111 கிலோ குறையும்; அதனால் முன்பாரத்தில் 22 கிலோ போகும். பின்தளத்தில், அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால் உள்ள பெட்டியில் மீனும் ஐஸுமாக 60 கிலோ சேர்ந்தால் இன்னொரு 24 கிலோ போகும். மாலையில் எஞ்சுவது 174 கிலோ. மொத்த எடையும் சற்றுக் குறைந்திருப்பதால் நூற்றுக்குப் பத்தாக இருந்தது எட்டாகிறது. ஓட்டுகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. வலையையோ எஞ்சின் உதிரியையோ கூடப் பின்னால் போட்டால் இன்னும் இறங்கும். மீன் பெட்டியை முன்தளத்துக்கு நகர்த்தினால் செலவில்லாமல் சரியாகிவிடும். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் காசில்லாத இந்தச் சரிசெய்தல், பல குதிரைத்திறனைவிட மதிப்புள்ளது.

நிலைப்புதான் உண்மையான எல்லை என்பதற்கு உலகச் சந்தையே சாட்சி. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற ஒரு சிறிய காருக்கு ஐரோப்பாவில் ஒரு டன்னுக்கு மேல் இழுக்க அனுமதி உண்டு. அமெரிக்காவில் அதே காரில் எதையும் இழுக்க வேண்டாம் என்பது நிறுவனத்தின் அறிவுரை. அட்லாண்டிக்கைக் கடக்கும்போது எஞ்சின் பலவீனமாகிவிடுவதில்லை. ஐரோப்பாவில் ட்ரெய்லரோடு போகிறவர்களுக்கு வேக வரம்பு தாழ்ந்தது. ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் குறைந்த முன்பாரமே போதும் என்பதால் நூற்றுக்கு ஐந்து ஏழு என்று வைத்துக்கொள்கிறார்கள். சிறிய காரின் பின் அச்சு அதைத் தாங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ட்ரெய்லரும் மற்ற வண்டிகளோடு அதிவேகத்தில் போகும். அதற்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை முன்பாரம் கேட்கிறார்கள். சிறிய கார் அதைத் தாங்காது. ஜெர்மனியில் 100 கிலோமீட்டர் வேகத்துக்குத் தனி அனுமதி வாங்க விரும்புகிறவர், ட்ரெய்லர் எடைக்கும் வண்டி எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டித்தான் வாங்க முடியும். ஆட்டம் தணிக்கும் கருவி இருந்தால் அந்த விகிதத்தில் சலுகை உண்டு. இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவு. இழுவைத் திறன் என்ற எண் வண்டிக்கு மட்டும் உரியதன்று. வண்டி, பாரம், வேகம் மூன்றும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. இன்றைய வண்டிகளில் ஆட்டத்தை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போடும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது, அது போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அந்த ஏற்பாடு உயிரைக் காக்கக்கூடியது. அது உள்ள வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அது டயரின் பிடிப்பைக் கொண்டுதான் வேலை செய்கிறது. பிடிப்பைப் புதிதாக உண்டாக்காது.

கையேட்டு எண்ணை அப்படியே நம்பலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவில் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வகுக்கும் வரை, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வழியில் இந்த எண்ணைக் கணித்தது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்தே அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் மெல்லச் சேர்ந்தார்கள். அந்தச் சோதனையின் மாதிரிச் சாலை அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் ஏற்றம்: 18 கிலோமீட்டரில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே ஏசி முழு அளவில். அந்த நிலையில் வண்டி குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல், கொதித்துப்போகாமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்ப வேண்டும். பிரேக்குக்கும் பக்கவாட்டு ஆட்டம் அடங்குவதற்கும் தனிச் சோதனைகள் உண்டு. எஞ்சினின் பலத்தை மட்டும் அளக்காமல் வெப்பம், பிரேக், நிலைப்பு என்று அது அளப்பதிலிருந்தே, பொறியாளர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பது விளங்கும். ஆனாலும் அந்தச் சோதனையில் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே. ஒருவருக்கு 68 கிலோ. குடும்பத்தோடும் சாமானோடும் போகிறவர் அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும்.

எவ்வளவு கழிக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியச் சாலைகளில் பரவலாக ஓடும் இரட்டைக் கேபின் பிக்கப் நல்ல சான்று. இழுவை 3,500 கிலோ, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை 6,000 கிலோ, வெறும் வண்டி 2,250 கிலோ என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3,500 கிலோ படகை முழுவதும் மாட்டினால் 5,750 ஆகிவிடும். ஓட்டுநர், பயணிகள், முன்தடுப்புக் கம்பி, மேற்கூரை, கருவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் மீதி 250 கிலோ. இரண்டு பேரும் இரும்புத் தடுப்பும் மேற்கூரையும் சேர்ந்தாலே அது தீர்ந்துவிடும். மூன்றாவது ஆள் ஏறினால் வண்டி சட்ட வரம்பைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவுக்கும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 3,500 என்பது சரியான எண்தான். இழுவை வரம்பு, வண்டியின் உச்ச எடை, இரண்டும் சேர்ந்த உச்ச எடை, பின் அச்சின் வரம்பு, இணைப்புக் குண்டின் முன்பார வரம்பு ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் மீறப்படாமல் இருக்க வேண்டும். அவற்றுள் முதலில் எட்டப்படுவதே உண்மையான வரம்பு. இதனால்தான் பிரிட்டனில் வீட்டு வண்டி இழுப்போர் அமைப்புகள் புதியவர்களிடம், இழுக்கப்படுவது இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கின்றன. அது சட்டமில்லை, நெடுநாள் அனுபவத்தின் சுருக்கம்.

நெடுஞ்சாலையைத் தாண்டி வந்த வண்டிக்குக் கடைசியாக ஒரு தேர்வு காத்திருக்கிறது: படகை இறக்கி ஏற்றும் சரிவுமேடை. எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று இறங்கும் காங்கிரீட் சரிவில், 1,600 கிலோ கார் 1,600 கிலோ படகை மேலே இழுக்கிறது என்று கொள்வோம். தேவையான விசை ஏறத்தாழ 400 கிலோ. முன்சக்கர இயக்கக் காரில் சமதளத்தில் 930 கிலோ முன் அச்சில் இருக்கும். முன்பாரம் அதைத் தூக்குகிறது, சரிவு பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, படகின் இழுப்பும் சேர்கிறது. மீதி 790 கிலோவுக்கும் குறைவு. அவ்வளவு பாரத்தில் 400 கிலோ விசையைத் தரைக்குக் கொடுக்க உராய்வுக் குணகம் அரைக்குமேல் வேண்டும். காய்ந்த காங்கிரீட்டில் அது தாராளமாகக் கிடைக்கும், ஈரத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும், பாசி படிந்த இடத்தில் 0.2 கூடத் தேறாமல் போகலாம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் முழு எடையும் பிடிப்புக்கு உதவுவதால், அதே வேலைக்குக் குணகம் கால் அளவு இருந்தால் போதும். எஞ்சின் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று ஏறும், மற்றொன்று சுழன்றபடி வழுக்கும். தாழ்கியர் இருக்கும் வண்டியில் மெதுவாக, கிளட்ச் தேயாமல் ஏற முடியும் என்பது உண்மை. ஆனால் அது பிடிப்பைக் கூட்டாது. பாசி மீது நான்கு சக்கர இயக்கமும் தோற்கலாம் என்பதால், வண்டியின் சக்கரங்கள் பாசிக் கோட்டுக்கு மேலேயே நிற்கும்படி நீண்ட மூக்குள்ள ட்ரெய்லரும் இந்தத் தேர்வின் ஒரு பகுதி.

மின்சார வண்டிகள் இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டனவா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை கிடைக்கிறது. சரிவுமேடைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. இறக்கத்தில் நாம் கணக்கிட்ட 27 கிலோவாட்டை மோட்டாரே வாங்கிப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். பிரேக் குளிர்ச்சியாக இருக்கும். மலை உச்சியில் முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவருக்கு மட்டும் அந்த வசதி கிடைக்காது. பேட்டரியின் எடை தாழ்வாக அமைந்திருப்பது நிலைப்புக்கும் நல்லது. குறை தூரத்தில் இருக்கிறது. அகலமான படகு காற்றைக் கிழிக்கச் செலவாகும் விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், நெடுஞ்சாலையில் பயணத் தூரம் ஏறத்தாழ பாதியாகக் குறைவது வழக்கம். டெஸ்லா மாடல் எக்ஸ் 2,268 கிலோ வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. அந்த எடை ஒரு பயணத்துக்கு ஏற்றதா என்பதை ஏரி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே முடிவு செய்யும்.

இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரில் சரிவுமேடை இருக்கும்போது, இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாத பயணத்தில் இயக்க ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். பக்கவாட்டு ஆட்டம் பெருகும் வேகத்துக்கும் அது வெகு கீழே. வேகமும் தூரமும் குறைந்தவருக்கு, சட்ட வரம்புக்குள் நிற்கும் மிதமான வண்டியே நியாயமான தேர்வு. அவர் தேட வேண்டியது நான்கு சக்கரப் பிடிப்பை. எஞ்சின் திறனை அல்ல. சரிவுமேடையின் சரிவு தூரத்தைப் பார்த்துக் குறையாது. இரண்டாவது மறுப்பு நேர் எதிரானது: கணக்கெல்லாம் எதற்கு, இருப்பதிலேயே பெரிய வண்டியை வாங்கிவிட்டால் தீர்ந்ததே. பெரிய வண்டி படகை ஆண்டில் சில வார இறுதிகள்தான் இழுக்கும்; மற்ற நாளெல்லாம் வெறும் எடையைச் சுமந்துகொண்டு எரிபொருளைக் குடிக்கும், தெருவில் இடத்தை அடைக்கும், மோதினால் எதிரில் இருப்பவருக்குக் கூடுதல் சேதம் செய்யும். முன்பாரம் தவறிய படகைப் பெரிய வண்டியும் ஆட்டத்திலிருந்து காப்பாற்றிவிடாது. ஆட்டம் தொடங்கும் வேகத்தை வேண்டுமானால் சற்றுத் தள்ளிப்போடும்.

ஆகவே இந்தத் தேர்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதை வாங்குகிறவரே கடைப்பிடிக்க வேண்டும். முதலில் படகை நிரப்பி எடை போட வேண்டும். பிறகு முன்பாரத்தை அளந்து, படகை ட்ரெய்லரில் முன்னும் பின்னும் நகர்த்தியோ சாமானை இடம் மாற்றியோ சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். போகும் பாதையில் மிக நீண்ட இறக்கம் எது, மிக வழுக்கும் சரிவுமேடை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நான்கும் தெரிந்தபின் ஐந்து வரம்புகளிலும் இடம் மிச்சமுள்ள, அச்சுகள் தள்ளி அமைந்த, பிரேக் பெரிதான, பிடிப்புள்ள வண்டிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். அதில் எஞ்சும் எந்த வண்டிக்கும் இழுக்கும் பலம் போதுமானதாகவே இருக்கும். பட்டியலில் எதுவும் எஞ்சாவிட்டால், வண்டியை மாற்றுவதைவிடப் படகைச் சிறிதாக்குவதோ, அதைக் கரையிலேயே வாடகைக்கு நிறுத்தி வைப்பதோ மலிவும் பாதுகாப்பும் ஆகும். இது தோல்வியில்லை, கணக்கு சொல்லும் நேர்மையான பதில். படகோடு சாலையில் இறங்குகிறவர் தன் குடும்பத்தை மட்டுமின்றி, அந்தச் சாலையில் எதிரே வரும் எல்லோருடைய உயிரையும் அந்த இணைப்புக் குண்டில் மாட்டிக்கொண்டு போகிறார். எவ்வளவு இழுக்கும் என்று கடையில் கேட்பதற்கு முன், எவ்வளவைத் தாங்கி நிறுத்தும் என்று கேட்கிற பொறுப்பு அவருடையது.